எட்டு இல்லாத நாற்பது

1

சென்ற வாரம் எங்கள் கல்லூரிக்குப் புதிதாக இருபது கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. பெட்டிகளைப் பிரித்து மேசைகளில் அடுக்கியபின் ஒவ்வொன்றின் முகப்பிலும் எண் ஒட்டுவது என் வேலை. ஒன்று, இரண்டு என்று ஒட்டிக்கொண்டே போனவன், ஏழை முடித்துவிட்டு அடுத்த ஸ்டிக்கரை உரித்தபோது கை தானாக நின்றது. கையில் இருந்தது எட்டு. பெட்டிகளைக் கணக்கெடுக்க வந்திருந்த கல்லூரிக் கிளார்க் பேபிச்சன் அதைப் பார்த்துவிட்டான்.

"எந்தா மதி, பின்னேம் தொடங்கியோ?" என்றான். மறுபடியும் ஆரம்பித்துவிட்டாயா என்று அர்த்தம். அவன் கோட்டயத்துக்காரன். நான் சிரித்துக்கொண்டே எட்டை எட்டாவது மெஷினில் அழுத்தி ஒட்டினேன். கூடவே ஒன்பதையும் ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போனோம்.

அதே வாரத்தில்தான் என் மனைவி தேன்மொழியும் மகள் கயலும் மஸ்கட் வந்து ஒரு வருடம் நிறைந்தது. ஊரிலிருந்து ஃபோன் செய்கிறவர்கள் எல்லோரும் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறார்கள்: "உனக்கு எப்புடிப்பா ஃபேமிலி விசா குடுத்தான்?" ஃபோனில் சொல்லி மாளாது என்பதால் இதுவரை "எல்லாம் நேரம்தான்" என்று மழுப்பிவந்தேன். உண்மையில் அது கம்ப்யூட்டரில் ஒரு மொழியை நிறுவப்போய் நான் செய்த தப்பின் கதை. அந்தத் தப்பின் வேர் பெரம்பலூரில் இருக்கிறது.

2

என் சொந்த ஊர் செந்துறை. அப்பா கோவிந்தன் மற்றவர்களுடைய மானாவாரிக் கொல்லைகளில் கூலி வேலை செய்தே எங்களை வளர்த்தவர். எங்கள் தெருவில் பாலிடெக்னிக் வரைக்கும் போன முதல் ஆள் நான்தான். படித்து முடித்ததும், தொண்ணூற்றேழில், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். நடத்தியவர் கமால் பாய். லப்பைக்குடிக்காட்டுக்காரர். கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் வளைகுடாவில் இருக்க, இவர் மட்டும் ஊரைவிட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டு, "எல்லாரும் துணிக்கடை போட்டா யாருதான் வாங்குறது?" என்று கம்ப்யூட்டர் கடை போட்டவர்.

மொத்தம் பதினாறு கம்ப்யூட்டர்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். தரையில் கார்ப்பெட், ஜன்னலுக்குத் திரை, ஓர் ஏசி. வெயில் காலத்தில் பாதிப் பேர் அந்த ஏசிக்காகவே சி மொழி படித்தார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அந்த சி மொழியை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் போடுவது என் பொறுப்பு. ஏழு ஃபிளாப்பிகள். ஒன்றைச் செருக வேண்டும், அது கர்புர்ரென்று படிக்கும்வரை காத்திருக்க வேண்டும், எடுத்துவிட்டு அடுத்ததைச் செருக வேண்டும். நாலாவது ஃபிளாப்பியில் கரண்ட் போகும். மறுபடி ஒன்றிலிருந்து. பதினாறு மெஷினையும் ஒரே நாளில் முடித்ததே இல்லை. ஒரு நாள் ஒரு டைரக்டரியில் போட்டிருப்பேன், மறுநாள் ஞாபகம் இல்லாமல் வேறொன்றில். போதாக்குறைக்கு மாணவர்கள் எதையாவது அழித்துவைப்பார்கள். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய பதினாறும் மூன்றே மாதத்தில் பதினாறு தினுசாகிவிட்டன. மூன்றாம் நம்பரில் ஓடிய புரோகிராம் பதினொன்றில் ஓடாது. பையன்களும் பெண்களும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "சார், எனக்கு மூணு" என்று துண்டு போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

ஒரு நாள் சந்தையில் சின்ன வெங்காயம் விற்கிற ஓர் அம்மா, துறைமங்கலத்துக்காரர், மகளைச் சேர்க்க வந்தார். காலியாக இருந்தது எட்டாம் நம்பர்தான். மகள் போய் உட்கார்ந்தும் விட்டாள். அம்மா முகப்பில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்ததும் எழுப்பிவிட்டார்.

"எட்டு வேணாங்க சார். இவ பத்தாவது ரிஜிஸ்டர் நம்பரு கூட்டுனா எட்டு. அதுலதான் கணக்குல போயி, திரும்ப எழுதுனா. ராசியில்லாத நம்பருங்க."

"அம்மா, சும்மா இரும்மா," என்று மகள் நெளிந்தாள்.

நான் ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். கமால் பாய் என் தோளைத் தட்டி அடக்கிவிட்டு அந்த அம்மாவிடம் சொன்னார். "நீங்க கவலப்படாதீங்கம்மா. நாளைக்கு வாங்க, அது எட்டா இருக்காது."

அந்த அம்மா போனதும் பாய் என்னிடம் திரும்பினார். "தம்பி, எட்ட கிழிச்சுட்டு ஒம்போது ஒட்டுங்க. அடுத்தது பத்து. பதினேழும் வேணாம், கூட்டுனா எட்டு வரும். எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை கெடையாது, ஆனா வர்றவங்களுக்கு இருக்குல்ல? மெஷினுக்கு என்ன தெரியப்போவுது?"

அன்றே ஒட்டினேன். பதினாறு கம்ப்யூட்டர்களுக்குப் பதினெட்டு வரை எண் போனது. அதன்பிறகு எந்தத் தாய்க்கும் ஆட்சேபணை வரவில்லை. அந்த வெங்காயக்கடை அம்மா இப்போது என் மாமியார். மகள்தான் தேன்மொழி. புரோகிராம் ஓடவில்லை என்று அவள் என்னைக் கூப்பிட்டது கொஞ்சம் அதிகம். நானும் கூப்பிடாமலே போய் நின்றதுண்டு. இரண்டு வீட்டுக்கும் தெரிந்த உறவுக்காரர் ஒருவர் நடுவில் பேசி முடித்துவைத்தார்.

3

பள்ளிக்கூடங்களே கம்ப்யூட்டர் வாங்க ஆரம்பித்ததும் சென்டரில் கூட்டம் குறைந்தது. கயல் பிறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கமால் பாய்தான் ஒரு நாள் அழைத்து உட்காரவைத்துச் சொன்னார்.

"இங்க ஈ ஓட்டிகிட்டு ஒக்காந்துருக்காதீங்க தம்பி. மஸ்கட்ல எம் மச்சான் இருக்காரு, விசாவுக்குச் சொல்லிருக்கேன். போயி நல்லா இருங்க, இன்ஷா அல்லாஹ்."

வந்த விசாவில் வேலையின் பெயர் 'எலக்ட்ரிகல் ஹெல்பர்'. கட்டடங்களில் இரண்டு வருடம் பைப் பதித்தேன். பிறகு ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். வேலை மாறியது, லேபர் கார்டில் வேலையின் பெயர் முழுசாக மாறவில்லை. 'எலக்ட்ரிகல்' மட்டும் உதிர்ந்து, வெறும் 'ஹெல்பர்' ஆனேன்.

இன்னொரு பெயரும் மாறிப்போயிற்று. பாஸ்போர்ட்டில் என் பெயரான மதியழகனுக்குப் பின்னால் அப்பாவின் பெயர் இருக்கிறது. அதுதான் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, இங்கே பேபிச்சனைத் தவிர எல்லோருக்கும் நான் கோவிந்தன். முதலில் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். ஊரில் அப்பாவை "டேய் கோவிந்தா" என்று கூப்பிட்டவர்கள்தான் அதிகம். அப்பாவைவிடச் சின்னவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இங்கே எங்கள் லேப் தலைவர் டாக்டர் இத்ரீஸ், சூடான்காரர், ஆறடி உயரம், தினமும் காலையில் எழுந்து நின்று கைகொடுத்து "குட்மார்னிங் மிஸ்டர் கோவிந்தன்" என்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அப்பாவிடம் ஃபோனில் சொன்னேன். அவர் "நெசமாவா சொல்ற?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஆனால் ஹெல்பர் என்ற சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இங்கே குடும்பத்தை அழைத்துவர, கார்டில் எழுதியிருக்கும் வேலையின் பெயர் முக்கியம். அரசாங்க அலுவலகங்களுக்கு நடையாய் நடந்து காகித வேலை முடிப்பதற்கென்றே ஒவ்வொரு கல்லூரியிலும் கம்பெனியிலும் ஓர் உள்ளூர்க்காரர் இருப்பார். மந்தூப் என்பார்கள். எங்கள் மந்தூப் என் கார்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஹெல்பர்? ஃபேமிலி மாஃபி," என்று திருப்பிக் கொடுத்தார். மாஃபி என்றால் இல்லை. இந்த ஊரில் நான் முதலில் கற்றுக்கொண்ட சொல்லும் அதுதான்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுமுறையில் போய் வருவேன். ஒவ்வொரு முறையும் கயல் ஒரு சாண் வளர்ந்திருப்பாள். என்னோடு பழகி முடிப்பதற்குள் நான் கிளம்பிவிடுவேன்.

4

எங்கள் லேபில் நாற்பது கம்ப்யூட்டர்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் ஆசிரியர்கள் வேறொரு மொழி கேட்பார்கள். ஜாவா என்றால் புதிய பதிப்பு கேட்பார்கள். சிடியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து எழுந்தால் மூன்று நாள் ஆகும். முதுகு போய்விடும். ஒரு நாள் டாக்டர் இத்ரீஸ் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் கோவிந்தன், ஒரே வேலையை ஏன் நாற்பது தடவை செய்கிறாய்?"

"நாற்பது மெஷின் இருக்கிறதே, டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. மறுநாள் அறுபது எழுபது பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இதற்கென்றே இலவசமாகக் கிடைக்கும் ஒரு கருவியைப் பற்றிய கையேடு அது.

அந்தக் கருவியின் யோசனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கும் சொன்னால் புரியும். தினமும் கடைக்குப் போகிறவரிடம் "பால் வாங்கி வா" என்று சொல்லிவைத்தால், வீட்டில் பால் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் தினமும் வாங்கிவந்து நிற்பார். "வீட்டில் எப்போதும் பால் இருக்கணும்" என்று சொல்லிவைத்தால், இருந்தால் பேசாமல் இருப்பார், இல்லாத அன்று மட்டும் போவார். அவ்வளவுதான் விஷயம். 'இந்த லேபில் இருக்கும் கம்ப்யூட்டர்களில் இந்த ஜாவா இந்த இடத்தில் இருக்க வேண்டும்' என்று ஒரே ஒரு கோப்பில் எழுதி நடுவில் ஒரு பெரிய கம்ப்யூட்டரில் வைத்துவிட வேண்டும். மற்றவை ஒவ்வொன்றும் எழுந்ததும் அதைப் படித்துப் பார்க்கும். தன்னிடம் இருந்தால் சும்மா இருக்கும். இல்லையென்றால் தானே இழுத்துப் போட்டுக்கொள்ளும். யாராவது அழித்துவைத்தாலும் மறுநாள் காலை பழைய மாதிரி ஆகிவிடும். பெரம்பலூரில் பதினாறு மெஷினுக்கும் ஏழு ஃபிளாப்பியோடு அலைந்த எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் அழுகையே வந்தது.

நாலு மாதம் உட்கார்ந்து படித்தேன். ஒரு மெஷினில் செய்து பார்த்தேன், பிறகு மூன்றில். டாக்டர் தினமும் வந்து பார்ப்பார். ஒரு நாள் அவராகவே சொன்னார்.

"இந்தப் பருவத் தேர்வை உன் முறையில் நடத்துவோம். ஒரு குறையும் இல்லாமல் முடிந்தால், நீ ஹெல்பர் இல்லை, டெக்னீசியன் என்று நானே நிர்வாகத்துக்கு எழுதுகிறேன்."

அன்று தேன்மொழியிடம் சொன்னபோது அவள் என்னைவிட வேகமாக ஓடினாள். "கயலுக்கு டிசி வாங்கணும்ங்க. பாஸ்போர்ட்டுக்குத் திருச்சிக்குப் போவணும். அங்க குளிருமா? சுவெட்டர் வேணுமா?" மஸ்கட்டில் சுவெட்டரா என்று கேட்டுச் சிரித்தேன். இது ஒன்று சரியாக அமைந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

5

தேர்வு புதன்கிழமை காலை. நாற்பது மாணவர்கள், நாற்பது கம்ப்யூட்டர்கள். செவ்வாய்க்கிழமை காலை கோப்பில் கடைசி வரிகளை எழுதினேன். எந்தெந்த மெஷின்களுக்கு ஜாவா என்ற இடத்தில், லேப் ஒன்று முதல் லேப் நாற்பது வரை என்று போட்டேன். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. கேட்ட மெஷினுக்கெல்லாம் கொடுத்தாயிற்று, பிழை எதுவும் இல்லை என்று கருவி அறிக்கை கொடுத்தது. ஒன்றிலும் இருபதிலும் நாற்பதிலும் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஜாவா ஜம்மென்று ஓடியது. மூன்று நாள் வேலையைக் கால் மணி நேரத்தில் முடித்த திமிரில் அன்று பேபிச்சனுக்கு சமோசா வாங்கிக் கொடுத்தேன்.

புதன்கிழமை தேர்வு தொடங்கி ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கடைசி வரிசையில் ஒரு மாணவி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், ஜாவா மாஃபி."

அவளுக்கு அடுத்தவளும் தூக்கினாள். அடுத்தடுத்து நாலு பேர். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். உண்மையிலேயே மாஃபி. மெஷினின் முகப்பில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தபிறகுதான் விளங்கியது. நாற்பத்தொன்று. பக்கத்தில் நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று, நாற்பத்தைந்து.

நாலு வருடத்துக்கு முன்னால் அந்த எண்களை ஒட்டியவன் நான்தான். யாரும் சொல்லாமல், யோசிக்காமல், கமால் பாய் சென்டரில் பழகிய கை எட்டைத் தாண்டி ஒட்டியிருக்கிறது. பதினேழு, இருபத்தாறு, முப்பத்தைந்து என்று கூட்டினால் எட்டு வருவதையெல்லாம் தாண்டி, நாற்பத்துநாலையும் விட்டுவைக்காமல் நாற்பத்தைந்தில் முடித்திருக்கிறது. மெஷின்கள் நாற்பதுதான், எண்கள் நாற்பத்தைந்து வரை. முகப்பில் ஒட்டிய அந்த எண்தான் கம்ப்யூட்டருக்குள்ளும் அதன் பெயர். நான் கோப்பில் நாற்பதோடு நிறுத்திவிட்டேன். இல்லாத எட்டாம் நம்பர் வந்து கேட்கப்போவதில்லை, அதனால் பிழையும் இல்லை. கடைசி வரிசையின் நாலு மெஷின்களும் வந்து கேட்டிருக்கின்றன. உங்கள் பெயர் பட்டியலில் இல்லை என்று கருவி அனுப்பிவைத்திருக்கிறது.

"கம்சா தகீகா," என்று எனக்குத் தெரிந்த உடைந்த அரபியில் அந்தப் பெண்களிடம் ஐந்து நிமிடம் கேட்டேன். ஓடிப்போய் நாலு பெயர்களையும் பட்டியலில் சேர்த்தேன். மறுபடி ஓட்ட வேண்டும். முப்பத்தாறு பேர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய மெஷின்களில் ஏதாவது கலைந்தால் தேர்வே போச்சு. ஆனால் கருவி சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. இருக்கிற முப்பத்தாறையும் தொடவில்லை. இல்லாத நாலுக்கு மட்டும் போட்டது. ஐந்து நிமிடம் என்று சொன்னது பதினைந்து ஆயிற்று. டாக்டர் இத்ரீஸ் அந்த நாலு பேருக்கும் கூடுதலாக இருபது நிமிடம் கொடுத்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை.

6

தேர்வில் ஒரு நிமிடம் தடை வந்தாலும் அரசாங்கத் தேர்வு அலுவலகத்துக்கு எழுத்தில் விளக்கம் போக வேண்டும் என்பது விதி. படிவத்தை எடுத்துக்கொண்டு பேபிச்சன் வந்தான். கதவைச் சாத்தினான்.

"மதி, ஞான் சொல்றது கேளு. கேபிள் கேடாயின்னு எழுது. கேபிளுக்கு வாயில்லல்லோ. நீ ஃபேமிலி கொண்டுவரணும், அது ஓர்மையில வெச்சோ."

அவன் சொன்னது என் நல்லதுக்குத்தான். எனக்கும் ஆசையாக இருந்தது. மதியம் வெளியே போய் ஃபோன் கார்டு வாங்கி வீட்டுக்குப் பேசினேன். நடந்ததைச் சொன்னேன். தேன்மொழி முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள்.

"எங்கம்மாவால வந்த வினை," என்றாள். "இப்ப என்னங்க செய்யப்போறீங்க?"

"கேபிள்னு எழுதச் சொல்றான்."

"அந்த சாரு நல்லவருன்னு சொல்வீங்களே. அவருகிட்டயுமா கேபிள்னு சொல்லுவீங்க?"

"வேற வழி?"

"பொய்யச் சொல்லி எங்கள கூட்டிட்டுப் போனா, நாளைக்கு அவரு வூட்டுக்கு வந்தா நான் எந்த மூஞ்சிய வச்சுகிட்டு டீ குடுப்பேன்? இத்தன வருசம் இருந்துட்டோம். இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டுப் போறோம்." ஃபோனை அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

மாமியார் வேறு கட்சி. "மாப்ள, நான் அன்னைக்கே சொன்னேன்ல? பாருங்க, எட்டு எங்கெங்கேயோ சுத்திட்டுக் கடைசியில வந்து புடிச்சுகிச்சு. நாப்பத்துநாலத் தள்ளுனீங்களே, அது வரைக்கும் நல்லது. இல்லாட்டி இன்னும் என்னென்ன ஆயிருக்குமோ."

எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டர் இத்ரீஸ் அறைக்குப் போனேன். உண்மையைச் சொல்ல இன்னொரு காரணமும் இருந்தது. கேபிள் என்றால் கல்லூரி விசாரிக்கும், கேபிள் நன்றாக இருக்கும், கடைசியில் பழி அந்தக் கருவியின் தலையில் விழும். மறுபடி சிடியோடு நாற்பது நாற்காலி. தப்பு அதனுடையது இல்லை. எனவே உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"எட்டில் என்ன?" என்றார்.

"எங்கள் ஊரில் சிலருக்கு ஆகாது, டாக்டர்."

"உனக்கு?"

"எனக்கு ஒன்றுமில்லை. கைப்பழக்கம்."

"ஒட்டிய எண்ணைப் பார்க்காமல் நாற்பது என்று எழுதினாய்."

"ஆமாம். எண்ணிப் பார்க்கவில்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியே எழுது. ஒன்றையும் மறைக்காதே," என்றார். அவ்வளவுதான். டெக்னீசியன் கடிதத்தைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். 'பெரம்பலூர் வட்டார வழக்கப்படி எட்டாம் எண் பயன்படுத்தப்படவில்லை' என்று ஒரு வரி. அதை எப்படி மாற்றி எழுதினாலும் அசட்டுத்தனமாகவே இருந்தது. கீழே கையெழுத்து, பெயர், பதவி. பதவி என்ற இடத்தில் கார்டில் உள்ளபடி ஹெல்பர் என்று போட்டேன். தேன்மொழி டிசி வாங்கப் போகவில்லை. மூன்று வாரம் நாங்கள் இருவருமே ஃபோனில் அதைப் பற்றிப் பேசாமல் வெயில், மழை, வெங்காய விலை என்று பேசிக்கொண்டிருந்தோம்.

7

நாலாவது வாரம் மந்தூப் ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டு லேபுக்குள்ளேயே வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. தேர்வு அலுவலகத்திலிருந்து பதில். எட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அவர்கள் கேட்டது வேறு. தேர்வுக் கம்ப்யூட்டர்களில் மொழியை நிறுவியவர் ஹெல்பர் என்று கையெழுத்திட்டிருக்கிறார். ஒரு ஹெல்பரைத் தேர்வுக் கம்ப்யூட்டரில் கைவைக்க விட்டது எப்படி? அல்லது அவருடைய பதவி தவறாகப் பதிவாகியிருக்கிறதா? பதினைந்து நாளில் விளக்கம் தேவை.

ஹெல்பரை விட்டோம் என்று ஒப்புக்கொண்டால் கல்லூரிக்குத் தலைவலி. பதவி தவறு என்றால் ஒரு படிவம் நிரப்பினால் போதும். அன்று சாயங்காலமே டாக்டர் இத்ரீஸ் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மேசையில் அவர் எழுதிய கடிதம். அதன் தேதியைப் பார்த்தேன். தேர்வு முடிந்த மறுநாள் எழுதியது. இத்தனை நாளும் நிர்வாகத்தின் மேசையில் தூங்கியிருக்கிறது.

"மிஸ்டர் கோவிந்தன்," என்றார், "நீ செய்தது ஒரு டெக்னீசியன் செய்யக்கூடிய தப்பு. அந்தத் தப்பைச் செய்ய ஹெல்பருக்கு அதிகாரம் கிடையாது. அதைத்தான் அவர்களும் கேட்கிறார்கள்." அன்றுதான் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தேன்.

கேபிள் என்று எழுதியிருந்தால், ஹெல்பர் மொழியை நிறுவினான் என்ற பேச்சே அந்தக் காகிதத்தில் வந்திருக்காது, என் பதவியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மந்தூப் நாலு அலுவலகம் ஏறி இறங்கினார். ஒரு ஜன்னலில் ஃபோட்டோவின் பின்னணி நீலமாக இருக்கிறது, வெள்ளை வேண்டும் என்றார்கள். வெள்ளை கொண்டுபோன அன்று ஜன்னல் மூடியிருந்தது. எப்படியோ புதிய கார்டு வந்தது. அதில் டெக்னீசியன் என்ற சொல்லை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அதற்கப்புறம் விசா, டிக்கெட், திருச்சி ஏர்போர்ட்டில் தேன்மொழி அழுததாக மாமியார் சொன்ன ஃபோன் எல்லாம் வரிசையாக நடந்தன.

இந்த ஒரு வருடத்தில் குறை என்று சொல்ல அதிகம் இல்லை. டாக்டர் இத்ரீஸ் வீட்டுக்கு வந்தார். தேன்மொழி டீயோடு நிற்காமல் பஜ்ஜியும் போட்டாள். கயலைப் பற்றித்தான் கொஞ்சம் கவலை. பள்ளிக்கூடத்தில் இந்தி, ஆங்கிலம்; அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு மலையாளம். தமிழை ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துத் தேன்மொழி சொல்லிக்கொடுக்கிறாள். கயல் 'ழ' சொல்லும்போது மலையாளப் பிள்ளைகள்தான் பாராட்டுகிறார்கள்.

ஆனால் வந்த புதிதில் என்னை உலுக்கியது வேறொன்று. ஆறு வருடமாக நான் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஃபோன் செய்துவந்தவன். கயலுக்கு அப்பா என்றால் அந்தப் பத்து நிமிடம்தான். இங்கே வந்தபிறகும் மற்ற நாட்களில் நான் கேட்பதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டுவாள். வெள்ளிக்கிழமை நாலு மணியானால் சோபாவில் என்னெதிரே வந்து உட்கார்ந்து, யார் யாரைக் கிள்ளினார்கள், டீச்சர் என்ன சொன்னார் என்று ஒரு வாரத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். முடித்ததும் என் முகத்தைப் பார்த்துக் கேட்பாள்: "சரிப்பா, வச்சிடவா?"

முதல் தடவை கேட்டபோது நான் எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஃபோன் இல்லையே கண்ணு என்று அடுத்த வாரம் சொல்லிப் பார்த்தேன். அவளுக்குப் புரியவில்லை. தேன்மொழி, "வுடுங்க, போகப்போக சரியாயிடும்," என்றாள். மாதக்கணக்கில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் "சரி, வச்சிடும்மா" என்று நானே சொல்லிவந்தேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. வேலை முடிந்து வந்து மூன்று மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கயல் பள்ளிப் பையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள்.

"அப்பா, பல்லு ஆடுதுப்பா! தொட்டுப் பாரு!"

சோற்றுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து தொட்டுப் பார்த்தேன். நன்றாகவே ஆடியது. ஸ்கூல் பஸ்ஸில் யாரோ முழங்கையால் இடித்ததை, ரத்தம் வந்ததை, அழாததை எல்லாம் சொன்னாள். சொல்லி முடித்ததும் பையை என் மடியில் போட்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல் விளையாட ஓடிவிட்டாள்.